ஊர்ப் புள்ளைங்களுக்குத் தமிழ்ல ஒரு பத்திரிகை: முதல் இதழ் கொண்டு வர நினைக்கிறவங்களுக்கு

எங்க பத்திரிகையோட மூணாவது இதழுக்கு நாத்து, நடவு பத்தி ஒரு கட்டுரை ரெடி பண்ணி வச்சிருந்தோம். அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நாலாவது படிக்கிற ஒரு பையனைக் கூப்பிட்டு திண்ணையில உக்கார வச்சு சத்தமா வாசிக்கச் சொன்னேன். நல்லாத்தான் வாசிச்சுக்கிட்டு வந்தான், ஒரு இடத்துல "நாற்... றங்... கால்"னு மூணு துண்டா இழுத்துட்டு நிமிர்ந்து பாத்து, "இது யாரு காலு அக்கா, ஏன் நாறுது?"ன்னு கேட்டான். அவங்க அப்பா குத்தகைக்கு ஓட்டுறவரு, முந்தின வாரம்தான் அவன் நாத்து விட்டிருக்குற நாத்தங்கால்ல எறங்குற வாத்தை வெரட்டிக்கிட்டு நின்னதை நானே பாத்தேன். "டேய், நாத்தங்காதான்டா"ன்னேன். "அட, நாத்தங்காவா"ன்னு சொன்னவன் மீதி ரெண்டு பக்கத்தையும் நிக்காம படிச்சு முடிச்சிட்டான்.

தாய்மொழியில பத்திரிகை போடுறோம்னு சொல்றோம்ல, அதுல கஷ்டமான வேலை இதுதாங்க. அச்சுல இருக்குற சொல்லு தன் வீட்டுச் சொல்லுதான்னு அந்தப் புள்ளைக்குத் தெரியணும். மத்ததெல்லாம், பேப்பரு, பிரஸ்ஸு, பதிவு, தபால், அதெல்லாம் அலைஞ்சா முடிஞ்சிடும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கத்துலேந்து டீச்சருங்களும் காலேஜ் முடிச்ச பசங்களும் "நாங்களும் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், எங்கேந்து தொடங்குறது"ன்னு கேட்டா என்ன சொல்லுவேனோ அதை வரிசையா எழுதுறேன்.

முதல்ல யாருக்குன்னு முடிவு பண்ணுங்க

பேரு வைக்கிறதுக்கு முன்னாடி, அட்டைப்படம் வரையறதுக்கு முன்னாடி இதுதான். ஒண்ணாவதுலேந்து பன்னெண்டாவது வரைக்கும் எல்லாருக்கும் ஒரே புக்குன்னு ஆரம்பிச்சா யாருக்குமே உதவாது, சின்னதுங்க படத்தைப் பாத்துட்டுப் போட்டுடும், பெருசுங்க இது பாப்பா புக்குன்னு தொடவே மாட்டாங்க. மூணுலேந்து அஞ்சு, இல்லன்னா ஆறுலேந்து எட்டு, இதுல ஒண்ணை எடுத்துக்குங்க. என்னைக் கேட்டா மூணுலேந்து அஞ்சுதான் சொல்லுவேன், ஏன்னா எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுலேந்து சரளமா படிக்கிறதுக்கு மாறுற வயசு அது, அப்ப கையில ஏதாவது இருந்தா புடிச்சுக்கிட்டு ஏறிடுவாங்க.

ஒரே கிளாஸ்ல இருக்குற புள்ளைங்களும் ஒரே மாதிரி படிக்க மாட்டாங்கங்கிறதையும் மனசுல வச்சுக்குங்க. கொரோனாவுல ஸ்கூல் மூடிக் கெடந்தப்புறம்தான் 2021-ல இல்லம் தேடிக் கல்வியும், 2022-ல ஒண்ணுலேந்து மூணாவது வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்துச்சு, எழுத்தும் கணக்கும் எவ்வளவு பின்தங்கியிருந்துச்சுன்னு அதுலயே தெரியும். அதனால ஒவ்வொரு இதழ்லயும் நடுப்பக்கம் ரெண்டையும் பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், பெரிய படம்னு ஒதுக்கி வைங்க. மெதுவா படிக்கிற புள்ள அந்த ரெண்டு பக்கத்தையாவது தானா முடிச்சிட்டேன்னு சொல்லணும்.

ஏற்கெனவே என்ன வருதுன்னும் பாருங்க. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோட துளிர் 1987-லேந்து வருது, பள்ளிக்கல்வித் துறையே 2022-ல ஊஞ்சல், தேன்சிட்டுன்னு ஆரம்பிச்சு அரசுப் பள்ளிகளுக்குக் குடுத்துச்சு. பழைய இதழ் நூலகத்துல கெடைச்சா நாலஞ்சு வாங்கி வச்சு அதுல எல்லாம் இல்லாதது என்னன்னு பாருங்க. மாநிலம் முழுக்கப் போற பத்திரிகையில உங்க ஊரு வாய்க்கா வராது. நீங்க குடுக்க வேண்டியது அதைத்தான்.

என்னென்ன போடலாம்: தண்ணியை வச்சே வருசத்தைப் பிரிச்சுக்குங்க

டெல்டாவுல பத்திரிகை நடத்துறவங்களுக்கு விஷயத்துக்குப் பஞ்சமே கெடையாது. நாங்க மொதல்ல பொது அறிவு, உலகச் செய்தி, விஞ்ஞானி வாழ்க்கைன்னு எங்கேயோ தேடி அலைஞ்சோம், அப்புறம்தான் வருசத்தையே தண்ணி வர்றதை வச்சுப் பிரிச்சோம்.

ஸ்கூல் தொறக்குறது ஜூன், மேட்டூர் தொறக்குற வழக்கமான நாள் ஜூன் 12. அந்த மாச இதழுக்கு வேற விஷயமே வேண்டாம். மேட்டூரோட முழு மட்டம் 120 அடி, அங்க தொறந்த தண்ணி கல்லணைக்கு வர மூணு நாலு நாள் ஆகும், கல்லணையில காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியும். இதை ஒரு பக்கத்துல வரைபடமா போட்டுட்டு, கீழ ஒரே ஒரு கேள்வி: "உங்க ஊரு வாய்க்காலுக்குத் தண்ணி எந்தத் தேதியில வந்துச்சு? எழுதி அனுப்புங்க." அவ்வளவுதான். தலைமடையில இருக்குற புள்ளையும் கடைமடையில இருக்குற புள்ளையும் எழுதி அனுப்பின தேதியை அடுத்த இதழ்ல அட்டவணையா போட்டோம். ஒரே ஆத்துத் தண்ணி ஒரு ஊருக்கு ஜூன்லயும் இன்னொரு ஊருக்கு ஜூலை பாதியிலயும் வந்திருந்ததை புள்ளைங்களே கண்டுபுடிச்சு "ஏன்க்கா?"ன்னு கேட்டாங்க. 2022-ல மே 24-லயே மேட்டூர் தொறந்தாங்க, அந்த மாதிரி வருசம் வந்தா போன வருசத் தேதியோட ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லலாம். புவியியல், கழித்தல் கணக்கு, அட்டவணை படிக்கிறது எல்லாம் அதுக்குள்ளயே வந்துடுது.

கணக்குப் பக்கத்துக்கு நம்ம நில அளவை இருக்கு. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, மூணு மா சுமாரா ஒரு ஏக்கர். "அப்ப ஒரு வேலி எத்தனை ஏக்கர்?"னு கேட்டா அஞ்சாவது படிக்கிற புள்ளைக்கு அது பின்னக் கணக்கு, வீட்ல தாத்தாவுக்கு அது மனக்கணக்கு, ரெண்டு பேரும் உக்காந்து பேசுவாங்க. புத்தகத்துல இருக்குற பீட்சாவை எட்டாப் பிரிக்கிற கணக்கை விட இது சீக்கிரம் புடிபடுது.

ஆடி 18, அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை, புயல். 2018 நவம்பர் 16-ல கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தப்ப தென்னை எப்படி விழுந்துச்சுன்னு சொல்ல ஒவ்வொரு வீட்லயும் ஆள் இருக்காங்க, இப்ப படிக்கிற சின்னப் புள்ளைங்களுக்கு அது அம்மா சொல்ற கதை. அந்தக் கதையை வாங்கிப் போட்டுட்டு பக்கத்துலயே புயல் எப்படி உருவாகுதுன்னு அரைப் பக்கம் போடுங்க. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுல வேரு ஏன் சேத்துக்கு மேல தலை நீட்டிக்கிட்டு நிக்குது, கோடியக்கரைக்குப் பூநாரை ஏன் வருது, வயல்ல தண்ணி நின்னா நெல்லு அழுகாம இருக்கு ஆனா உளுந்து ஏன் அழுகிடுது, இப்படிக் கேள்வியா எழுதி ஒரு நோட்டுல சேத்துக்கிட்டே வாங்க. எங்க நோட்டுல இப்ப இன்னும் ரெண்டு வருசத்துக்கு இருக்கு.

எழுதித் தர்றவங்க யாருன்னா, டீச்சருங்க, ஊர்ல படிச்ச பசங்க, விவசாய ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க. கேட்டா சந்தோசமா எழுதித் தருவாங்க, ஆனா எல்லாரும் நாலு பக்கம் எழுதிட்டு வருவாங்க. 200, 250 வார்த்தைக்கு மேல வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, திருத்துவோம்னும் சொல்லிடுங்க. அப்புறம் சொன்னா மனசு கஷ்டப்படும்.

அடுத்தவங்க கதை, படம் எடுத்துப் போடுறதா இருந்தா அனுமதி வாங்குங்க. எழுதினவர் இறந்து 60 வருசம் வரைக்கும் காப்புரிமை உண்டு. நாட்டுடைமை ஆக்கின எழுத்தாளர்களோட எழுத்தைத் தாராளமா பயன்படுத்தலாம், பேரு போடணும். ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ல நெறைய சிறுவர் கதை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இருக்கு, எழுதினவர், வரைஞ்சவர், மொழிபெயர்த்தவர் பேரைப் போட்டு அச்சடிக்கலாம். ஆனா அதையே நெரப்பிட்டா உங்க பத்திரிகைக்கு ஊரு இல்லாமப் போயிடும், இதழுக்கு ஒண்ணு போதும்.

மொழி

எங்களுக்குள்ள பெரிய சண்டையே நடந்தது இதுலதான். பேச்சுத் தமிழ்ல போடலாம்னு ஒரு கட்சி, பரீட்சையில எழுத்துத் தமிழ்தானே எழுதணும், பத்திரிகையும் பேச்சுத் தமிழ்னா புள்ளைங்க கெட்டுடும்னு இன்னொரு கட்சி. கடைசியில நாங்க வச்சுக்கிட்ட வழக்கம் இது: கதையில ஆளுங்க பேசுறது பேச்சுத் தமிழ், மத்தது எளிய எழுத்துத் தமிழ். பயிர், ஆறு, மீனு, வீட்டுச் சாமான் பத்தி வந்தா நம்ம ஊருச் சொல்லையும் சேத்துப் போட்டுடணும். "நாற்றங்கால், நம்ம நாத்தங்கா" அப்படின்னு ஒரு தடவை போட்டா போதும், புள்ளைங்க புடிச்சுக்குவாங்க.

ஒரு உதாரணம் காட்டுறேன். எங்களுக்கு வந்த கட்டுரையில ஒரு வாக்கியம் இப்படி இருந்துச்சு: "நெற்பயிரின் வேர்ப்பகுதிக்குத் தேவையான காற்றானது தண்டிலுள்ள காற்றறைகளின் வழியாகக் கடத்தப்படுகின்றது." தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா நாலாவது படிக்கிற புள்ள "கடத்தப்படுகின்றது"ங்கிற இடத்துக்கு வர்றதுக்குள்ள ஆரம்பத்தை மறந்துடுது. மாத்தினது இப்படி: "நெல் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். அவைதான் காற்று போகும் வழி. மேலே இருக்கும் காற்று அதன் வழியாக வேருக்குப் போகிறது. அதனால்தான் தண்ணீரில் நின்றாலும் நெல் வேர் மூச்சு முட்டாது." எழுத்துத் தமிழ்தான், ஆனா வாய்க்கு வருது. வயல்ல போயி வெட்டிப் பாக்கவும் முடியுது.

பாடப்புத்தகக் கலைச்சொல்லை மட்டும் மாத்தாதீங்க. ஒளிச்சேர்க்கையை ஒளிச்சேர்க்கைன்னுதான் போடணும், நாளைக்கு டீச்சர் அதைத்தான் சொல்லுவாங்க. ஆனா விஷயத்தை முதல்ல சொல்லிட்டு, "இதுக்குப் பேருதான் ஒளிச்சேர்க்கை"ன்னு கடைசியில குடுங்க. அதே மாதிரி "வந்துகொண்டிருந்தபொழுதெல்லாம்"ங்கிற மாதிரி ஒட்டின சொல்லைப் பிரிச்சு எழுதுங்க, ரெண்டு வாக்கியமா ஆக்கினாலும் பரவால்ல. ஒற்றுப்பிழை, ல ள ழ, ர ற, ன ண இதெல்லாம் தெரிஞ்ச ஒரு தமிழ் ஐயாவையோ டீச்சரையோ கெஞ்சியாவது புடிச்சு வைங்க, அச்சுல பாத்த எழுத்தைத்தான் புள்ளைங்க சரின்னு நினைக்கும்.

இன்னொண்ணு, கும்பகோணம், தாராசுரம் பக்கம் நெசவு வீட்டுப் புள்ளைங்க பல பேருக்கு வீட்டு மொழி சௌராஷ்டிரம். அந்தப் பக்கம் பத்திரிகை கொண்டு போறவங்க அந்தப் புள்ளைங்க பாட்டி சொல்ற ஒரு விடுகதை, ஒரு பழமொழி அவங்க மொழியிலயே தமிழ் எழுத்துல போட்டுப் பக்கத்துல தமிழ்ல அர்த்தம் குடுங்க. அந்தப் புள்ள அன்னைக்கு கிளாஸ்ல எழுந்து நின்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கும்.

வாசிக்க வச்சுப் பாக்குறது

இதைத் தாண்டாம எதையும் அச்சுக்கு அனுப்பாதீங்க. மூணு புள்ளைங்க வேணும், நல்லா படிக்கிறது ஒண்ணு, நடுவுல ஒண்ணு, எழுத்துக்கூட்டிப் படிக்கிறது ஒண்ணு. வாத்தியார் வீட்டுப் புள்ளையை மட்டும் வச்சுப் பாக்காதீங்க, ஏமாந்துடுவீங்க. கட்டுரையை அச்சுல வரப்போற அதே எழுத்து அளவுல பிரிண்ட் எடுத்து ஒரு காப்பி அவங்க கையிலயும் ஒரு காப்பி உங்க கையிலயும் வச்சுக்குங்க. சத்தமா வாசிக்கச் சொல்லிட்டு நீங்க பென்சிலால குறிச்சுக்கிட்டே வாங்க: நின்ன இடத்துல ஒரு கோடு, தப்பா வாசிச்ச சொல்லுக்கு வட்டம், வரி தவறிப் போன இடத்துல ஒரு அம்பு. நடுவுல திருத்தாதீங்க, "ம்"னு கூட சொல்லாதீங்க. முடிச்சதும் தாளை வாங்கி வச்சுட்டு "என்னடா படிச்ச, எனக்குச் சொல்லு"ன்னு கேளுங்க. புள்ள சொல்றதுல எது விட்டுப் போச்சோ அந்தப் பத்தி சரியா எழுதலைன்னு அர்த்தம். மூணு பேரும் ஒரே இடத்துல நின்னா அந்த வாக்கியத்தைத் தூக்கிட்டுப் புதுசா எழுதுங்க. ஒரு கட்டுரைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. விளையாட்டுப் பக்கத்தையும் புதிரையும்கூட இப்படித்தான் பாக்கணும், எங்க குறுக்கெழுத்துல ரெண்டு கட்டம் தப்பா இருந்ததை ஒரு அஞ்சாங்கிளாஸ் பொண்ணுதான் கண்டுபுடிச்சுச்சு.

எழுத்துரு, பக்கம்

நம்ம தரங்கம்பாடியில 1706-ல வந்து எறங்கின ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தி, தமிழ்ல அச்சடிக்கவும் ஆரம்பிச்சாரு. ஜெர்மனியில ஹாலேங்கிற ஊர்ல வார்த்து அனுப்பின தமிழ் அச்செழுத்து 1713 வாக்குல வந்து சேந்துச்சு, ஆனா எழுத்து பெருசு, பேப்பர் கட்டுப்படியாகல. அதனால சின்ன எழுத்தா இங்கயே வார்த்தாங்க, பக்கத்துல பொறையார்ல பேப்பர் ஆலையே போட்டுப் பாத்தாங்க, 1715-ல புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாச்சு. முந்நூறு வருசம் ஆச்சு, எழுத்து பெருசானா பேப்பர் செலவுங்கிற கணக்கு இன்னும் அப்படியேதான் இருக்கு. பிரஸ்ல உக்காந்திருக்கும்போது "பாயின்ட் (எழுத்து அளவு) கொறைச்சா எட்டு பக்கம் மிச்சம்"னு சொல்லுவாங்க. கொறைக்காதீங்க. கட்டுரையைக் கொறைங்க. மூணுலேந்து அஞ்சாவதுக்கு 16 பாயின்ட், நடுப்பக்கத்துக்கு 20-க்கு மேல, ஆறுக்கு மேல 13, 14 இருந்தா போதும்ங்கிறது எங்க வழக்கம். வரிக்கு வரி இடைவெளி தாராளமா விடுங்க, தமிழ் எழுத்து மேலயும் கீழயும்னு ரெண்டு பக்கமும் நீளும், நெருக்கினா சின்னப் புள்ளைங்க வரி தவறிடுவாங்க.

டைப் பண்றது யுனிகோடுலயே பண்ணுங்க, 1999-ல வந்த தமிழ்99 விசைப்பலகை கத்துக்க ரெண்டு வாரம் போதும். மீரா இனிமை, முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவச எழுத்துரு. எங்க முதல் இதழ்ல பட்டதைச் சொல்லிடுறேன். நாங்க யுனிகோடுல குடுத்தோம், அச்சகத்துல பக்கம் கட்டுறதுக்குப் பழைய பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர்தான் இருந்துச்சு, அதுல யுனிகோடு தமிழ் வராது, அவங்க பழைய எழுத்துருவுக்கு மாத்திப் பக்கம் கட்டினாங்க. மாத்தினப்புறம் எங்ககிட்ட காட்டவே இல்ல. புக்கு வந்து பிரிச்சா கொக்குங்கிற சொல்லுல கொம்பு ஒரு வரியோட கடைசியில தனியா நிக்குது, மீதி எழுத்து அடுத்த வரியில. அஞ்சாறு பக்கத்துல இப்படி. 500 பிரதி. எழுத்துக்கூட்டிப் படிக்கிற புள்ளைகிட்ட அதை எப்படிக் குடுக்குறதுன்னு அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல, பேனாவால எத்தனையைத் திருத்த முடியுமோ திருத்திக் குடுத்தோம்.

அதனால பக்கத்தை நீங்களே கட்டி பிடிஎஃபா குடுங்க. பக்கம் கட்டுற சாஃப்ட்வேர்ல ஸ்கிரைபஸ் இலவசம், 1.5-க்கு மேல உள்ள பதிப்புல தமிழ் சரியா வரும். இன்டிசைன் வச்சிருக்குறவங்க பத்தி அமைப்புல வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கணும், இல்லன்னா கொம்பும் காலும் இடம் மாறும். எழுத்துரு பிடிஎஃபுக்குள்ளயே பதிஞ்சிருக்கான்னு பாருங்க, எழுத்து எல்லாம் வெறும் கருப்புல மட்டும் இருக்கணும், நாலு கலர் கலந்த கருப்பா இருந்தா சின்ன எழுத்து மங்கும். படம் 300 டிபிஐ. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பின போட்டோ சுருங்கிடும், டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க. புள்ளைங்க வரைஞ்ச படத்தை முடிஞ்ச வரைக்கும் ஸ்கேன் பண்ணிப் போடுங்க. புள்ளைங்க போட்டோ போட்டா அம்மா அப்பாகிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க, பேரும் வகுப்பும் போதும், வீட்டு விலாசமும் போன் நம்பரும் எங்கயும் வரக்கூடாது.

பிரஸ்

சென்டர் பின் அடிக்கிற புக்கு நாலின் மடங்குலதான் பக்கம் வரும், ஆஃப்செட்ல எட்டு, பதினாறு பக்கத்தை ஒரே தாள்ல சேத்து அடிக்கிற ஃபாரம் கணக்கு, அதனால 16, 24, 32 இதுல ஒண்ணு வச்சுக்குங்க. ஆரம்பத்துக்கு 24 போதும். உள்ள ஒரு கலர், அட்டை நாலு கலர், இதுதான் கட்டுப்படியாகும். உள் தாள் 70 ஜிஎஸ்எம் (தாளோட கனம்) மேப்லித்தோ (பூச்சு இல்லாத தாள்) கேளுங்க, 60-ல பின்பக்க எழுத்து தெரியும், படிக்கப் பழகுற புள்ளைக்கு அது பெரிய தொந்தரவு. வழவழ ஆர்ட் பேப்பரை உள்ள போடாதீங்க, புதிர்ப் பக்கத்துல பென்சில் எழுதாது. 200, 300 பிரதிக்கு ஆஃப்செட் பிளேட் செலவு கட்டாது, டிஜிட்டல்லயோ ரிசோங்கிற நகல் மிஷின்லயோ அடிக்கலாம், 500-க்கு மேல போனா ஆஃப்செட். மூணு பிரஸ்ல எழுதி வாங்குங்க, மடிக்கிறது, பின் அடிக்கிறது, வெட்டுறது எல்லாம் சேத்துச் சொன்ன விலையான்னு கேளுங்க. மாதிரி அச்சுல (புரூஃப்) நீங்க கையெழுத்துப் போடாம ஓட்டக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க.

ஐப்பசி, கார்த்திகையில பண்டலைத் தரையில வைக்கவே வைக்காதீங்க. செங்கல் வச்சுப் பலகை போட்டு அது மேல, சுவத்துலேந்து ஒரு சாண் தள்ளி. பஸ்ல பார்சல் போடுறதா இருந்தா பாலிதீன் உறை ரெண்டு சுத்து.

பதிவு

1867-ஆம் வருசத்துப் பழைய சட்டம் போயி, 2023-ல போட்ட பத்திரிகைகள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1-லேந்து நடப்புல இருக்கு. தலைப்பும் பதிவும் பிரஸ் சேவா போர்ட்டல்ல ஆன்லைன்லயே விண்ணப்பிக்கணும், மாவட்ட நிர்வாகத்துக்கும் அதுலேந்தே போயிடும். நீங்க நினைச்ச தலைப்பை அதே மொழியிலயோ இதே மாநிலத்துலயோ வேற யாராவது வச்சிருந்தா கெடைக்காது, அதனால நாலஞ்சு பேரு யோசிச்சு வைங்க, பேரு கெடைக்கிறதுக்கு முன்னாடி பேனர் அடிக்காதீங்க. பொதுச் செய்தி, அதைப் பத்தின கருத்து இருக்குற, குறிப்பிட்ட இடைவெளியில வர்ற வெளியீடுதான் அந்தச் சட்டத்துல வரும், புத்தகமும் அறிவியல், தொழில்நுட்ப, கல்விசார் ஆய்விதழும் வராது. நம்ம பத்திரிகையில ஊர்ச் செய்தி இருக்கும், சந்தா வாங்குவோம், அதனால பதிஞ்சிடுறதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன். ஒவ்வொரு பிரதியிலயும் ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர் பேரு, அச்சடிச்ச இடம், வெளியிடுற இடம் எல்லாம் போட்டுடுங்க. பதிவு எண் வந்ததும் தபால் ஆபீஸ்ல பத்திரிகைக்கான சலுகைக் கட்டணத்துக்குத் தனியா பதியணும், அதுக்கு என்ன பேப்பர் வேணும்னு கோட்ட கண்காணிப்பாளர் ஆபீஸ்ல கேட்டா சொல்லுவாங்க.

பணம்

பிரஸ் பில்லு, படம் வரைஞ்சவருக்குக் குடுத்தது, தபால், பஸ் பார்சல், வீணாப் போற பிரதி, எல்லாத்தையும் கூட்டி பிரதி எண்ணிக்கையால வகுங்க, அதுதான் அடக்க விலை. பலரும் பிரஸ் பில்லை மட்டும் பாத்து விலை வச்சுட்டு நாலாவது இதழ்ல நின்னுடுறாங்க. ஒரு வருசத்துக்குத் தேவையான பணத்துல பாதியாவது கையில இல்லாம முதல் இதழ் போடாதீங்க. ரெண்டு இதழ் வந்து நின்னு போனா காத்துக்கிட்டு இருக்குற புள்ளைக்கு அது ரொம்ப வலிக்கும். மாசா மாசம் முடியாதுன்னா ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு போடுங்க, தேதி தவறாம வரணும் அவ்வளவுதான்.

தனித்தனி சந்தாவை விட "ஒரு கிளாஸுக்கு அஞ்சு பிரதி"ன்னு யாராவது ஏத்துக்கிறது சுலபம். வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்குற ஊர்க்காரங்க தான் படிச்ச ஸ்கூலுக்குன்னா யோசிக்காம குடுப்பாங்க. ரசீது குடுங்க, வரவு செலவை வருசத்துக்கு ஒரு தடவை பத்திரிகையிலயே அச்சடிங்க. விளம்பரம் வாங்குறதா இருந்தா புத்தகக் கடை, சைக்கிள் கடை, ஜவுளிக் கடை சரி. பாக்கெட் தீனியும் டியூஷன் சென்டர் ரேங்க் லிஸ்ட்டும் எவ்வளவு குடுத்தாலும் வேண்டாம்.

கொண்டு போயி சேக்குறது

அரசுப் பள்ளின்னா தலைமை ஆசிரியரைப் பாக்குறதுக்கு முன்னாடி மாவட்டக் கல்வி அலுவலகத்துல ரெண்டு மாதிரி இதழோட கடிதம் குடுத்து அனுமதி வாங்கிடுங்க, அப்பத்தான் அவங்களுக்கும் சங்கடம் இல்ல. ஊர்ப்புற நூலகத்துக்கு ரெண்டு பிரதி கண்டிப்பா. சீர்காழியில பொறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் காலத்துல, 1931-ல, மன்னார்குடி பக்கம் மாட்டுவண்டியில புத்தகத்தை ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போயிருக்காங்க. நம்மகிட்ட டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கு. தபால்ல போட்டா பீரோவுக்குள்ள போயிடுற இதழ், நேர்ல கொண்டு போயி கிளாஸ்ல பத்து நிமிசம் வாசிச்சுக் காட்டிட்டு வந்தா புள்ளைங்க கைக்குப் போகுது, முதல் வருசமாவது நேர்ல போங்க.

போகும்போது ஒரு கட்டு போஸ்ட் கார்டு வாங்கி, உங்க விலாசம் எழுதி, ஒவ்வொரு கிளாஸ்லயும் நாலஞ்சு குடுத்துட்டு வாங்க. வர்ற ஒவ்வொரு கார்டுக்கும் பதில் எழுதணும், அதுக்குன்னு ஒரு ஆளை ஒதுக்குங்க. எங்களுக்கு மொத இதழுக்கு வந்தது ஏழு கார்டு. அதுல ஒண்ணு கொள்ளிடக்கரை ஊர்ல மூணாவது படிக்கிற பொண்ணு எழுதினது, கோடு கோணலா, "ழ"வைத் திருப்பிப் போட்டு: "எங்க வீட்டு கிணத்துத் தண்ணி முன்னாடி இனிச்சுதாம், பாட்டி சொல்லுது, இப்ப உப்பா இருக்கு, ஏன்?" அந்தக் கார்டை அப்படியே ஸ்கேன் பண்ணி ரெண்டாவது இதழோட முதல் பக்கத்துல போட்டு, ஆத்துல மணலும் தண்ணியும் கொறைஞ்சா கடல் தண்ணி நிலத்தடியில எப்படி உள்ள வருதுன்னு கீழ எழுதினோம். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த ஊருக்கே போயி, அந்தப் பொண்ணையே முதல்ல வாசிக்கச் சொன்னோம். ரெண்டு இடத்துல நின்னுச்சு, ரெண்டையும் மாத்தினோம்.